நாய்க்குப் பெயர் உண்டு

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த டைரி ஒரு உரக்கடை முதலாளி கொடுத்தது. எனக்கல்ல, என் வீட்டுக்காரருக்கு. ஏதோ ஒரு ஊர் மேடையில் பொன்னாடை போர்த்தி, டைரியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார்கள். பழம் அன்றைக்கே தீர்ந்தது. பொன்னாடை மிக்சியை மூடிக்கொண்டு கிடக்கிறது. டைரி ஜனவரியிலிருந்து சும்மா இருந்ததால் இன்று நான் எடுத்துக்கொண்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். சொல்ல இருந்த ஒருத்தியும் இன்று காலையோடு போய்விட்டாள்.

டைரிக்கு ஆள் தெரியாது, சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மாசிலாமணி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பட்டிமன்றப் பேச்சாளர். நோட்டீசில் ‘சிரிப்புச் செம்மல்’ என்று போடுவார்கள். எங்களுக்கு ஒரே மகள், எழிலி. திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். காலையில் அவள்தான் போன் செய்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அம்மா, உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?”

“என்னடி?”

“அப்பா பேசுன வீடியோ. இங்க எல்லாரும் பாத்தாச்சு. அத்தை டிவியில போட்டுப் பாத்தாங்க. பக்கத்து வீட்டுலேருந்து ஆளக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. இனிமே எங்கிட்ட பேசாத.”

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை.

வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு கிராமத்தில் பேசியது. குடும்ப நிம்மதியைக் கெடுப்பது மாமியாரா மருமகளா என்று ஒரு தலைப்பு. உலகத்தில் வேறு தலைப்பே கிடையாது இவர்களுக்கு. செம்மல் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: “எங்க சம்பந்தி வீட்டுல ஒரு நாய் இருக்குங்க. அதுக்குப் பேரு பிரின்ஸ். வாடா பிரின்ஸ், சாப்புடுறா பிரின்ஸ்! எம் பொண்ணும் அங்கதான் இருக்கா. அவ பேரு என்ன தெரியுமா? ஏய்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நடுவர் மேஜையைத் தட்டுகிறார். ‘அவ பேரு என்ன தெரியுமா’ என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். அவசரப்பட்டுவிட்டார்.

அந்த வாக்கியம் நான் சொன்னது. ஆடி மாதம், எழிலி போன் வைத்த கையோடு அடுப்படியில் சொன்னது. காபி கேட்டு வந்தவர் “என்னவாம் அவளுக்கு?” என்றார். “அந்த வீட்டுல நாய்க்குக்கூடப் பேரு இருக்கு, எம் பொண்ணு வெறும் ஏய்” என்றேன். சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சாயங்காலம் அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். “நாய் பேர மாத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பிரின்ஸுன்னாதான் சிரிப்பு வருது கோதை. மணின்னு சொல்லிப் பாரு, வராது.”

செப்டம்பர் 8, திங்கள்

நேற்றுப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். டிரங்க் கால் காலத்தில் சேர்ந்தேன். லைன் சரியாகக் கிடைத்ததா என்று இரண்டு வார்த்தை கேட்டுத்தான் விட வேண்டும். அந்த இரண்டு வார்த்தையிலேயே கும்பகோணத்தின் பாதிக் கதை எனக்குத் தெரியும். யார் வீட்டில் சாவு, எவருடைய பிள்ளை ஓடிப்போனான், ஊரையே அதட்டுகிற பெரிய மனிதர் யாரிடம் கெஞ்சுகிறார், எல்லாம். ஒன்றைக்கூட இந்த வாசலைத் தாண்டிக் கொண்டுவந்ததில்லை. காதில் விழுந்தது காதோடு போக வேண்டும். அது எங்கள் வேலையின் மானம்.

ஆனால் கேட்டுக் கேட்டு மனிதர்களைப் பற்றி எனக்குள் ஒன்று சேர்ந்துகொண்டே இருந்தது. ஆள் பெயர் போய்விடும், குணம் மட்டும் நிற்கும். காய் நறுக்கும்போது அது வாக்கியமாக வரும். ‘வீட்டுக்கு வீடு சண்டை ஒன்றுதான், ஜன்னல் சாத்துகிற நேரம்தான் வேறு.’ ‘மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆம்பளை காபி நல்லா இருக்கு என்பான்.’ ‘துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பாத்ரூம் எங்கே என்று.’ இதெல்லாம் நான் சொன்னது. இதற்கெல்லாம் கைதட்டல் வாங்கியது அவர். தஞ்சாவூரில், சிங்கப்பூரில், ஒரு தடவை துபாயில்.

மேடையில் இவற்றைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்வார். ‘என் பொண்டாட்டி இருக்காளே’ என்று ஆரம்பிப்பார். அந்தப் பொண்டாட்டி குண்டு, வாயாடி, சமைக்கத் தெரியாதவள். வாக்கியம் மட்டும் அவருடையதாகிவிடும். அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் “அண்ணி, அண்ணனுக்கு இதெல்லாம் எங்கேருந்துதான் வருதோ!” என்பார்கள். நான் அடுப்படியிலிருந்து பஜ்ஜித் தட்டோடு வருவேன். அங்கேயிருந்துதான் வருகிறது, பஜ்ஜியும் அதுவும்.

இத்தனை நாள் சும்மாதானே இருந்தாய், இப்போது என்ன என்று கேட்கலாம். என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். இது எழிலி.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன் அணைந்தே இருக்கிறது. மாப்பிள்ளை பிரசன்னாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கு அடித்தேன். எடுத்து, “அவ வேலையா இருக்கா” என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். இன்றிலிருந்து என் வார்த்தை ஒன்றுகூட இந்த மனிதர் காதில் விழாது. சோறு உண்டு, காபி உண்டு, துணி மடித்து வைப்பேன். பேச்சு கிடையாது. டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தமே போதும், காபி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு வேளை அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது. காலையிலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் இருக்கும்போது பனியன்தான் போடுவார். இன்று பை வைத்த சட்டை, பையில் பேனா.

“ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கலோ?” மோர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“உங்க அண்ணன் போன் பண்ணுனான். வழக்கம்போல ஒரே பீத்தல்.” அண்ணன் பீற்றிக்கொள்கிறவன்தான். தலையைக்கூட ஆட்டவில்லை.

கடைசியாக, “எதிர்வீட்டு டீச்சரோட வீட்டுக்காரர் இருக்காரே, அவர்தான் வாஷிங் மெஷின்ல துணி போடுறாராம். காலம் கெட்டுப் போச்சு பாரு கோதை” என்று சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கோழிக்கு அரிசி போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். வீணாகப் போக வேண்டாம், இங்கே எழுதி வைக்கிறேன்: காலம் கெட்டுப்போகவில்லை, அழுக்கு யாருடையது என்று இப்போதுதான் தெரியவந்திருக்கிறது.

நன்றாக இருக்கிறது. சொல்லியிருந்தால் நன்றாகவே எடுபட்டிருக்கும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழிலி போன் அணைந்தே இருக்கிறது. கேஸ் வந்தது. கொத்தவரங்காய் முற்றல்.

செப்டம்பர் 19, வெள்ளி

அரங்கநாயகம் போன் செய்தார். இவர்கள் கோஷ்டியின் நடுவர். என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்காரு. ஏன்?”

“நேத்து மாயவரத்துல ஒண்ணுமே எடுபடல அண்ணி. போன வருசம் சொன்னதையே சொல்றாரு. முன்வரிசையில ஒருத்தன் எந்திரிச்சு, ‘இது யூடியூப்ல இருக்கு, புதுசா சொல்லு’ன்னுட்டான். அஞ்சாம் தேதி தீபாவளிக்கு டிவி ரிக்கார்டிங் இருக்கு. அண்ணன் இப்படியே பேசுனா வேற ஆளத்தான் பாக்கணும். நீங்க கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.”

“எங்க வீட்டுல பேச்செல்லாம் அவருதான் தம்பி” என்று சொல்லி வைத்தேன்.

சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அவியல் செய்து அவருக்கு இரண்டு கரண்டி கூடவே போட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொலு வைக்கவில்லை. கொலுப்பெட்டியை எழிலிதான் பிரிப்பாள். சுண்டல் மட்டும் செய்து எதிர்வீட்டு அமலோற்பவம் டீச்சருக்குக் கொண்டுபோனேன். கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும், சுண்டல் அங்கே போகும். டீச்சர் சுண்டலை வாங்கிக்கொண்டு, “உங்க சார் மாதிரி ஒரு நல்ல மனுசன் உண்டாங்க? எங்க பாத்தாலும் சிரிச்ச முகம். நீங்க குடுத்து வச்சவங்க” என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். வந்து பாத்திரத்தைக் கழுவுகிறேன், கழுவுகிறேன், கழுவிக்கொண்டே இருக்கிறேன். நல்ல மனுசன்! எழிலி தூரத்துக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னது யார்? நான். ஹாஸ்டல் அவ்வளவு தூரத்தில் வேண்டாம் என்று இவர்தான் ராத்திரியெல்லாம் என்னிடம் புலம்பினார். மறுநாள் அவளிடம் “அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குறா” என்றார். விருந்தாளியைக் கிளப்புவது நான். கடைக்காரனிடம் சண்டை நான். சம்பந்தி வீட்டில் மூஞ்சி காட்டியது நான். இவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். எழுதி வைக்கிறேன்: நல்லவர் என்று பெயர் எடுத்தவர் வீட்டில் யாரோ ஒருவர் கெட்டவராக இருந்துகொண்டிருக்கிறார்.

ஆடி மாதம் எழிலி பேசியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வெகு நேரம் பேசினாள். கடைசியில், “அம்மா, நான் அங்க வந்துடட்டுமா?” என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். “சரிம்மா” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இவர் காபி கேட்டு வந்தார்.

இந்த மனிதர் மட்டும் அன்றைக்குக் காபி கேட்டு வராமல் இருந்திருந்தால்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “சார் என்னமா பேசியிருக்காங்க, பாருங்க! எங்க வீட்டுக்காரரத்தான் சொன்னாரோன்னு சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு.” முந்தாநாள் நவராத்திரிக்கு ஏதோ கோயிலில் பேசியது. செம்மல் சொல்கிறார்: “ஆம்பள துணி துவைக்கிறான், காலம் கெட்டுப் போச்சுங்குறான். காலம் கெடலய்யா! அழுக்கு யாரோடதுன்னு இப்பதான் தெரிஞ்சிருக்கு!” கைதட்டல்.

சரி, அவரே கிளறிய விஷயம், அவருக்கே தோன்றியிருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்து அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. நல்லவருன்னு பேரெடுத்தவர் வீட்டுல...” நிறுத்தினார். சரியான இடத்தில், சரியான அளவு நிறுத்தினார். “யாரோ ஒருத்தர் கெட்டவரா இருந்துக்கிட்டிருக்காங்க.” அப்புறம் இடி மாதிரி கைதட்டல். அரங்கநாயகம் எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்.

அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியில்தான் எழுதினேன். டைரி என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதிய வாக்கியம்! அதைப் படித்துவிட்டு, இது தன்னைத்தான் என்றுகூடத் தெரியாமல், கையில் எடுத்துக்கொண்டு போய் மேடையில் விற்றிருக்கிறார். திருட்டுக்கூட எனக்குப் பெரிதில்லை. படித்தவருக்கு உறைக்கவில்லையே, அதுதான் உடம்பெல்லாம் எரிகிறது.

“என்னங்க, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?” என்றார் டீச்சர்.

“இஞ்சி அரைச்சேன், கண்ணுல பட்டுருச்சு” என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

படிக்கிறவருக்கு.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். புடவையைத் தூக்கிவிட்டுத் திரும்ப வைக்கும்போது மடிப்பு மாறுகிறது. இனிமேலாவது கவனியுங்கள்.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு வாக்கியமும் கிடைக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழிலி ஆடி மாதம் என்னிடம் சொன்னது இது.

பிரசன்னா கோபம் வந்தால் அவளோடு பேசுவதை நிறுத்திவிடுவான். வாரக்கணக்கில். வேண்டியதை அவன் அம்மா மூலமாகச் சொல்வான். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தியது அவன்தான், அவளாக விடவில்லை. நினைத்தபோதெல்லாம் அவள் போனைப் பிடுங்கி அவன் பீரோவில் வைத்துப் பூட்டுவான். அவள் அன்று பேசியது பூட்ட மறந்துபோன ஒரு மத்தியானம். அவன் அவளைக் கன்னத்தில் அடித்திருக்கிறான். ஒரு தடவை இல்லை. அடித்தபோது சம்பந்தியம்மா நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்து முடித்துவிட்டு, “ஏய், தண்ணி கொண்டா” என்றாள்.

இதுதான் விஷயம். இதற்காகத்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

கல்யாணம் ஆனதிலிருந்து என் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டீர்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருக்கிறீர்களா? 

இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இதை மேடையில் சொல்லிப் பாருங்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

புடவை மடிப்பு மாறியிருக்கிறது. மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இன்னும் எடுத்து வைக்கவும் இல்லை, அவர் போடு என்று கேட்கவும் இல்லை.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி அவற்றின்மேல் வைத்தார். பேனாவை எடுத்து வைக்கப் போனவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“கோதை, அது நெசமா?”

“எது?” நான் பேசிவிட்டேன். இத்தனை நாள் கழித்து என் குரல் எனக்கே கரகரவென்று இருந்தது.

“அடிச்சது.”

“படிச்சீங்கல்ல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அவளோட அப்பன் இல்லையா?”

சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பேன், பூஜையாக இல்லாவிட்டால்.

“சொன்னேன்! நாய்க்குப் பேரு இருக்கு, எம் பொண்ணுக்குப் பேரில்லன்னு சொன்னேன். வேற எப்படிங்க சொல்லுவாங்க? அதுல என்ன குறைஞ்சுது, நீங்க கேக்குறதுக்கு? பேனாவத்தான எடுத்தீங்க!”

அவர் பேனாவைப் புத்தகத்தின்மேல் வைத்தார். உட்கார்ந்துவிட்டார். சிரிப்புச் செம்மலுக்கு அழுகை எப்படி வரும் என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. மூக்குதான் முதலில் சிவக்கிறது.

எனக்குப் பாவமாக இல்லை. இருந்திருக்க வேண்டுமோ என்னவோ. இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் சம்பந்தியம்மாவுக்கு அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார், நான் கேட்கட்டும் என்று. அரை மணி நேரம் பேசியிருப்பார். இல்லறம், விட்டுக்கொடுத்தல், இரண்டு மாட்டு வண்டி என்று என்னென்னவோ. மேடையில் எடுபடுகிற அத்தனையும் பேசினார். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நல்லாப் பேசுறீங்க சம்பந்தி. உங்க பேச்சத்தான் ஊரே கேட்டுச்சே” என்று வைத்தாள்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சாம் தேதி ரிக்கார்டிங் முடியட்டும். ரெண்டு பேரும் போவோம். நேருல பேசுனா மாப்பிள்ளை கேப்பாரு.”

“நீங்க பேசுனது போதும்” என்றேன். “நாளைக்கு நான் போறேன்.”

அக்டோபர் 4, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று மத்தியானம், எழிலி தூங்கும்போது எழுதுகிறேன். ஆமாம், எழிலி உள்ளறையில் தூங்குகிறாள்.

தஞ்சாவூரில் பஸ் மாறித் திருச்சி போனேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். சம்பந்தியம்மாவுக்கு ஒன்று, பிரசன்னா இருந்தால் அவனுக்கு இரண்டு, எழிலிக்கு நாலைந்து. எல்லாம் நறுக்கென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் எழுந்து நிற்கும்.

கேட்டைத் திறந்ததும் ஓடி வந்து வாலாட்டியது பிரின்ஸ். நல்ல நாய், அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சம்பந்தியம்மா வாசலில் நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“வாங்க. இன்னிக்கு என்ன தலைப்பு? மைக்கு கொண்டாரலையா?”

நான் பதில் சொல்வதற்குள் எழிலி வந்தாள். கையில் சோப்பு நுரை. கழுத்தெலும்பு தெரிகிறது. நைட்டியின் தோள் நழுவியதை முழங்கையால் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“எதுக்கும்மா வந்த?”

“உன்னப் பாக்கத்தான்.”

“பாத்தாச்சுல்ல.”

“எழிலி, அப்பா செஞ்சது தப்பு. நான் அவருகிட்ட...”

“அப்பாவ விடு. அவரு எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, எனக்குத் தெரியும். ஆடி மாசம் போன்ல நான் உங்கிட்ட என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?”

இருந்தது.

“வந்துடட்டுமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? ‘வீட்ட விட்டு வர்றது சுலபம்டி. வந்த வீட்டுல விருந்தாளி ஆயிடாம இருக்குறதுதான் கஷ்டம்.’ அப்படியே சொன்ன. அப்பா ஊருக்கு முன்னாடி சொன்னாரு, நீ எங்கிட்ட தனியாச் சொன்ன. அவ்வளவுதாம்மா வித்தியாசம்.”

“நல்லாத்தான சொல்லியிருக்காங்க உங்கம்மா” என்றாள் சம்பந்தியம்மா.

எனக்கு வந்த கோபத்தில் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள்மேல் கோபம், இந்தப் பெண்மேல் கோபம், ஊரில் இருக்கிறவர்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது என்பதில் கோபம். எந்த மேடையிலும் எடுபடும். அதைச் சொன்னபோது போனின் அந்தப் பக்கம் ஒரு பெண் பீரோ சாவியை வைத்திருப்பவன் திரும்பி வருவதற்குள் பேசி முடிக்க வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அடுக்கி வைத்ததில் ஒன்றையும் சொல்லவில்லை. எழிலி பக்கத்தில் போய், அவள் காதோடு வேறு ஒன்று சொன்னேன். சம்பந்தியம்மா காதை நீட்டினாள், கேட்டிருக்காது.

எழிலி என்னைப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்தாள். கையிலிருந்த நுரையை நைட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது உடை மாற்றியிருந்தாள். கையில் அவளுடைய பழைய கல்லூரிப் பை, ஒரு கவரில் அவளுடைய சான்றிதழ்கள். கவரை எங்கேயோ தயாராக வைத்திருந்திருக்க வேண்டும். எத்தனை நாளாகத் தயாராக இருந்ததோ.

“ஏய், எங்க போற? அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

நான் திரும்பினேன். “அவ பேரு எழிலி” என்றேன். “அதச் சொல்லுங்க.”

பிரின்ஸ் தெருமுனை வரை எங்களோடு வந்தது.

பஸ்ஸில் எழிலி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வல்லம் தாண்டும்போது பசிக்கிறது என்றாள். தஞ்சாவூரில் இரண்டு செட் பூரி சாப்பிட்டாள். என் தட்டிலிருந்து கிழங்கையும் எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

வீட்டு வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளறையைக் கூட்டிக் கட்டிலை விரித்து வைத்திருந்தார். மெத்தைமேல் இருந்த பொன்னாடைகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். எழிலியைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார், பையை வாங்கிக்கொண்டார். அவருக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

எழிலி அவரிடம் பேசவில்லை. என்னிடமும் கேட்டதற்கு மட்டும்தான் பதில். போன் பிரசன்னாவின் பீரோவிலேயே கிடக்கிறது. கிடக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

அவர் ரிக்கார்டிங்குக்குக் கிளம்பினார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறார். எழிலியைப் பற்றி ஒரு சொல்கூட மேடையில் வராது என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். எழிலி நியூஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

செருப்பு மாட்டிக்கொண்டவர் திரும்பி அடுப்படிக்கு வந்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

“கோதை, அங்க கேட் பக்கத்துல நின்னு அவகிட்ட என்னமோ சொன்னியாமே. அவகிட்ட கேட்டா, அம்மாகிட்ட கேளுங்குறா. ஒத்த வார்த்தையில கிளம்பி வந்துட்டாளே, அப்படி என்னதான் சொன்ன?”

அப்பாவாகத்தான் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவருடைய வலது கை, அவருக்கே தெரியாமல், சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

“மழை வரும்போல இருக்கு” என்றேன். “குடை எடுத்துக்கிட்டுப் போங்க.”

மீதியும் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். மீதி ஒன்றும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போனார்.

எழிலியிடம் நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிறவர் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அங்கேயும் இல்லை.